கட்டைவிரல் சாட்சி

அத்தியாயம் பதினொன்று

அம்மா 'ஆமாம்' என்று சொல்லிவிட்டாள் என்ற செய்தி காலை ஏழரை மணிக்கே குடும்பம் முழுக்கப் பரவிவிட்டது. வாயால் சொல்லவில்லை. வாயில்தான் குழாய் இருக்கிறதே. வலது கைக் கட்டைவிரலால் சொன்னாளாம்.

அப்படிச் சொன்னவன் பெரியவன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டீரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்த தைரியத்தில், மீதிப் பேரையும் தானே ஓட்டவேண்டும் என்று நினைக்கிறவன்.

"கடிகாரம், கேட்டியா? நேத்து சாயங்காலம் அம்மா காதுல குனிஞ்சு கேட்டேன். 'அம்மா, நீயா விழுந்தியா, யாராவது தள்ளினாங்களா?' விரல் ஆடுச்சு!"

தங்கை போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தாள். கடிகாரம் பழுது பார்ப்பது அவள் தொழில். அதனால் அண்ணன் வைத்த பெயர் கடிகாரம். தெருவும் அவளைக் கடிகாரக்காரி என்றுதான் கூப்பிடுகிறது.

"எதுக்கு ஆடுச்சு? நீயா விழுந்தியாங்கறதுக்கா, தள்ளினாங்களாங்கறதுக்கா?"



"ரெண்டாவதுக்குத்தான். அப்புறம் தெளிவா ஒரே கேள்வியா கேட்டேன். 'சின்னவளா?'ன்னு. மூணு தடவை ஆடுச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் உனக்கு?"

அம்மா குளியலறையில் விழுந்து இன்றோடு ஆறு நாள். மண்டைக்குள் சின்ன ரத்தக் கசிவு, ஆபரேஷன் தேவையில்லை, தானாக வற்றிவிடும் என்றார்கள் டாக்டர்கள். மூச்சுக்கு மெஷின் வைத்தார்கள். தூங்க வைத்திருந்த மருந்தை நிறுத்தி இரண்டு நாளாகிறது. இந்நேரம் கண் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. ஏன் என்று கேட்டால், பார்ப்போம் என்கிறார்கள்.

விழுந்த அன்று வீட்டில் இருந்தவள் ஒரே ஒருத்தி. தம்பி மனைவி, வீட்டில் எல்லோருக்கும் 'சின்னவள்'. தம்பிக்குக் கப்பல் வேலை. அவன் கரை சேர இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அவளோ மருந்துக் கடையில் பில் போடுகிறவள். நடந்தால் சத்தம் கேட்காது, பேசினாலும் கேட்காது. அதனால் பெரியவன் அவளுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தான். பூனை.

"நான் முடிவு பண்ணிட்டேன்" என்றான் பெரியவன். "இன்னிக்கு சாயங்காலம் அவ பெட்டியைக் கட்டட்டும். தம்பி வந்து பேசற வரைக்கும் அவங்க அம்மா வீட்டுல இருக்கட்டும். கொலைகாரியோட ஒரே கூரைக்குக் கீழ நம்மால இருக்க முடியாது."

"அவசரப்படாத அண்ணா. நான் போய்ப் பார்த்துட்டு வரேன்."

வாய் அப்படிச் சொன்னதே தவிர, மனசு அண்ணன் பக்கம்தான் சாய்ந்திருந்தது. அதை அவளே மறுக்கமாட்டாள். முந்தாநாள் அம்மாவின் அறைக்குள் எட்டிப் பார்த்தபோது பூனை தரையில் மண்டியிட்டு, பீரோவுக்கு அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். "என்ன தேடற?" என்று கேட்டதும் தூக்கிவாரிப் போட்டதுபோல் எழுந்து, "ஒண்ணுமில்ல அண்ணி" என்று நழுவிவிட்டாள். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? மடியில் கனம் இல்லாதவள் எதற்குப் பதறவேண்டும்?

திறந்த ஷட்டரை மறுபடி இறக்கினாள்.

*

தீவிர சிகிச்சைப் பிரிவில் பத்து மணிக்கு ஒருவரை மட்டும் உள்ளே விடுவார்கள். கையைக் கழுவி, நீல அங்கியை மாட்டிக்கொண்டு நாலாம் நம்பர் படுக்கைக்குப் போனாள்.

நாற்பது வருஷம் விளையாட்டு மைதானத்தில் நின்று, விசில் ஊதியே மூன்று தலைமுறைப் பிள்ளைகளை ஓடவிட்ட அம்மா. விசில் டீச்சர் என்றால் இன்றைக்கும் தெருவில் நிமிர்ந்து நிற்கிற ஆட்கள் உண்டு. அந்த உடம்பு இப்போது ஒரு பெரிய பொம்மைபோல் கிடந்தது. 

"அம்மா... நான் வந்திருக்கேன்."

கட்டைவிரல் அசைந்தது.

கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அண்ணன் பொய் சொல்லவில்லை. அம்மாவுக்குக் காது கேட்கிறது! விரலைத் தொட்டுக்கொண்டே, யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குனிந்தாள்.

"சின்னவதான் உன்னைத் தள்ளினாளா?"

அசைந்தது. ஒரு முறை. இரண்டு. மூன்று.

அப்படியானால் அது நிஜம். ஆறு நாளாக ஒரே சமையலறையில் அவள் கையால் டீ வாங்கிக் குடித்திருக்கிறோம்.

நாலு. ஐந்து. ஆறு.

அழுதுகொண்டிருந்தவள் அழுகையை நிறுத்தினாள். எண்ணுவது அவள் வேலை. யாரும் சொல்லாமலே மணிக்கட்டு திரும்பி, கண் கைக்கடிகாரத்தின் நொடிமுள்ளுக்குப் போயிற்று. கேட்டது ஒரு கேள்வி. பதில் ஏன் இத்தனை முறை? அதுவும் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி கொஞ்சமும் பிசகாமல்?

"அம்மா, நீ வாழ்க்கையில விசிலே ஊதினதில்லதானே?"

அசைந்தது.

"நான் உன் வயித்துல பிறக்கலதானே? என்னைத் தவிட்டுக்குத்தானே வாங்கின?"

அதற்கும் ஆமாம் என்றது கட்டைவிரல். சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தன.

பேசாமல் நின்று பார்த்தாள். கேள்வியே கேட்காதபோதும் அசைந்தது. விரலை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிடிக்குள்ளேயும் துடித்தது. வலப்பக்கத்து உதட்டோரம், குழாயைக் கட்டியிருந்த பட்டைக்குப் பக்கத்தில், அதே தாளத்தில் சுண்டிச் சுண்டி இழுத்தது. இரண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் போய்ச் சட்டென்று நின்றது.

"அம்மா! அம்மா, நான்தான்!" இந்த முறை உரக்கவே கூப்பிட்டாள். பதில் இல்லை. நாலு நிமிஷம் கழித்து, யாரும் எதுவும் கேட்காமல், கட்டைவிரல் மறுபடி 'ஆமாம்' சொல்ல ஆரம்பித்தது.

பேட்டரி தீரப்போகிற கடிகாரத்தில் நொடிமுள் ஒரே இடத்தில் நின்று துடிக்கும். நகராது. ஓடுகிறதே என்று சொல்லித்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஓடவில்லை என்று அவள்தான் சொல்லவேண்டியிருக்கும்.

"சிஸ்டர்" என்று கூப்பிட்டாள். குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "இது என்னன்னு வந்து பாருங்க."

நர்ஸ் வந்து பார்த்தாள். ஒரு தடவை பார்த்ததும் அவள் முகத்திலிருந்த காலை நேரத்துச் சிரிப்பு போய்விட்டது.

"எப்போலேர்ந்து இப்படி இருக்கு?"

"நேத்து சாயங்காலமே எங்கண்ணன் பார்த்திருக்கான்."

"ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"அம்மா பதில் சொல்றாங்கன்னு நினைச்சோம்."

நர்ஸ் அவளை ஒரு பார்வை பார்த்தாள். திட்டுவதற்கு நேரமில்லை என்பதுபோல் திரும்பி, "டாக்டரைக் கூப்பிடு" என்று அந்தப் பக்கம் குரல் கொடுத்துவிட்டு, அம்மாவின் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரை பார்த்தாள். சர்க்கரை சரியாகத்தான் இருந்தது.

டாக்டர் பெண்மணி, நடக்கிற நடையிலேயே பாதி வேலையை முடித்துவிடுகிற ரகம். அம்மாவின் இமைகளைத் தூக்கிப் பார்த்தார். கருவிழிகள் இரண்டும் வலப்பக்கமாக ஒதுங்கி அங்கேயே வெட்டி வெட்டித் துள்ளின.

"இது பதில் இல்லம்மா. வலிப்பு."

"வலிப்பா? கை கால் இழுக்கும், நுரை தள்ளும்னு..."

"அது ஒரு வகை. இவ்வளவு முடியாம படுத்திருக்கறவங்களுக்கு ஒரே ஒரு விரல்தான் ஆடும். சிலருக்கு அதுவும் ஆடாது. வெளிய பார்த்தா தூங்கற மாதிரி இருக்கும், உள்ள மூளை ஓயாம வெட்டிட்டிருக்கும். ரெண்டு நாளா இவங்க ஏன் முழிக்கலன்னு நானும் யோசிச்சிட்டிருந்தேன். மூளை மெஷினை முந்தியே வச்சிருக்கணும்." கடைசி வாக்கியத்தைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "நீங்க வெளிய போகவேண்டாம். ஓரமா நில்லுங்க. எத்தனை நிமிஷம் ஆடுது, எத்தனை நிமிஷம் நிக்குதுன்னு பார்த்திருந்தா சொல்லுங்க."

சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டார். ஊசி ஏறியது. ஒரு பையன் வந்து அம்மாவின் தலை முழுக்கப் பசை தடவி, வண்ண வண்ண ஒயர்களை ஒட்டினான். அவன் ஒட்டி முடிப்பதற்குள் கட்டைவிரல் ஓய்ந்துவிட்டது.

"நின்னுடுச்சு!" என்றாள் கடிகாரக்காரி.

"விரல்தான் நின்னிருக்கு. இங்க பாருங்க."

திரையில் வரிசையாகக் கோடுகள். வலது பாதிக் கோடுகள் சோம்பலாக நெளிந்தன. இடது பாதியில் ரம்பத்தின் பற்களைப் போல, குத்திட்டுக் குத்திட்டு, இடைவெளி பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது அந்தத் துடிப்பு. வெளியே ஒரு சலனமும் இல்லை. அம்மா சாந்தமாகப் படுத்திருந்தாள். அந்தச் சாந்தத்தைப் பார்க்கத்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

இரண்டாவது மருந்தை சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். அரைமணி நேரம் ஆயிற்று. பற்கள் மழுங்கின, நடுவில் இடைவெளி விழுந்தது, கடைசியில் இடது பக்கமும் வலது பக்கத்தைப் போலவே நெளிய ஆரம்பித்தது.

"இப்ப நின்னிருக்கு" என்றார் டாக்டர். "திரும்ப வராதுன்னு சொல்லமாட்டேன். நாளைக்கு வரைக்கும் இந்த ஒயர் தலையிலேயே இருக்கும். சரி, இது ஏன் வந்ததுன்னு பார்க்கணும். ரத்தக் கசிவுனால வரலாம். காய்ச்சல் இல்ல. உப்பும் சரியா இருக்கு." கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய கோப்பைப் புரட்டினார். "'வீட்டில் எந்த மருந்தும் சாப்பிடுவதில்லை. தகவல் தந்தவர், மகள்.' அது நீங்கதானே?"

"ஆமா டாக்டர். எங்கம்மா உடம்பு இரும்பு. தலைவலிக்குக்கூட மாத்திரை போடமாட்டாங்க."

"நல்லா யோசிங்க. தூக்க மாத்திரை, நரம்பு மாத்திரை ஏதாவது? வருஷக்கணக்கா போட்டுட்டு சட்டுனு நிறுத்தினா இப்படி வரும். இங்க முதல்ல நாங்க கொடுத்த மயக்க மருந்து அதை மூடி வச்சிருக்கும். அதை நிறுத்தினதும் வெளிய வந்திருக்கலாம்."

"அந்தப் பேச்சே கிடையாது டாக்டர்" என்று சொல்லி வாய் மூடுமுன் அவளுக்குப் பீரோவுக்கு அடியில் துழாவிய கை ஞாபகம் வந்தது. மருந்துக் கடையில் வேலை பார்க்கிற கை.

தள்ளத்தான் வேண்டுமா என்ன? கொடுத்தே கவிழ்க்கலாமே!

*

பூனை வெளி வராந்தாவில், கடைசி நாற்காலியில், பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். ஆறு நாளாக அவளை யாரும் உள்ளே விடவில்லை. பெரியவனின் உத்தரவு. அப்படியும் தினமும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறாள். அது பாசமா, வேவா என்று இதுநாள் வரை யாருக்கும் தெரியவில்லை.

கடிகாரக்காரி நேரே போய் எதிரில் நின்றாள்.

"எங்கம்மாவுக்கு நீ என்ன மாத்திரை கொடுத்த?"

அழுவாள், இல்லையென்று சாதிப்பாள், எழுந்து ஓடுவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் நின்றாள். பூனையோ பெருமூச்சு விட்டாள். ஒரு மூட்டையைக் கீழே இறக்கி வைத்தவள் விடுகிற மூச்சு.

"டாக்டர் கண்டுபிடிச்சுட்டாங்களா அண்ணி?"

"அப்ப கொடுத்திருக்க!"

"நான் கொடுக்கல. அத்தையே போட்டுக்குவாங்க. மூணு வருஷமா. ரிட்டையர் ஆனதிலேர்ந்து அவங்களுக்குத் தூக்கமே கிடையாது. எங்க கடைக்கு எதிர்ல இருக்கற டாக்டர்கிட்டதான் காட்டினாங்க. சீட்டு இதோ." பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்தாள். "வாங்கிட்டு வர்றது மட்டும் நான். 'விசில் டீச்சர் தூக்க மாத்திரை போடறான்னு தெரிஞ்சா என் பிள்ளைங்களே என்னைக் கிழவின்னுடும். உன் புருஷன் மேல சத்தியம் பண்ணு'ன்னாங்க. பண்ணிட்டேன். அவர் நடுக்கடல்ல இருக்கார் அண்ணி. என்னால மீற முடியல."

"சத்தியமாம் சத்தியம்! உயிர் போயிட்டிருக்கு, நீ சத்தியத்தைக் காப்பாத்திட்டிருந்தியா? முதல் நாளே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"சொல்ல வந்தேனே."

"எப்ப வந்த?"

பூனை அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த ஐந்து வருஷத்தில் அவள் அப்படிப் பார்த்ததில்லை.

"இங்க சேர்க்கும்போது அந்தச் சின்ன டாக்டர் 'வீட்டுல என்ன மாத்திரை சாப்பிடறாங்க'ன்னு கேட்டாரு. சத்தியத்தை விட்டுடலாம்னு வாயைத் திறந்தேன். நீங்கதான் என்னைக் கையால பின்னாடி தள்ளிட்டு, 'எங்கம்மாவைப் பத்தி எங்களுக்குத் தெரியும், ஒரு மாத்திரையும் கிடையாது'ன்னு சொன்னீங்க. அப்புறம் என்னை யாரும் எதுவும் கேட்கல. பக்கத்துலயே விடல."

அது அப்படியே ஞாபகம் வந்தது. பூனையின் தோளில் பட்ட தன் கைகூட ஞாபகம் வந்தது. 'தகவல் தந்தவர், மகள்.' கடிகாரக்காரி பக்கத்து நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தாள். ஆறு நாளாக அடுத்தவள் மேல் நீட்டிக்கொண்டிருந்த விரல் தன் பக்கம் திரும்பியபோது, அது இத்தனை கனமாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

"பீரோவுக்கு அடியில என்ன தேடின?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அந்த மாத்திரையைத்தான். பழைய பவுடர் டப்பாவுல போட்டு, புடவைக்கு அடியில வச்சிருப்பாங்க. அத்தை விழுறதுக்கு மூணு நாள் முன்னாடி அது டப்பாவோட காணாம போச்சு. நான் எடுத்தேனான்னு என்னைக் கேட்டாங்க. மறுபடி வாங்கிட்டு வரட்டுமான்னேன். 'வேண்டாம், அது இல்லாம இருக்க முடியாதா எனக்கு'ன்னு வீம்பு. அந்த மூணு நாளும் ஒரு பொட்டுத் தூங்கல. கை நடுங்கிட்டே இருந்தது. வேர்த்து வேர்த்துக் கொட்டுச்சு. குளியலறையில வழுக்கினாங்களா, இல்ல அங்கயே வலிப்பு வந்துதான் விழுந்தாங்களான்னு எனக்கு இப்பதான் சந்தேகமா இருக்கு."

சீட்டை டாக்டரிடம் இருவரும் சேர்ந்தே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். டாக்டர் மருந்தின் பெயரையும் அளவையும் பார்த்தார். "இதுவாத்தான் இருக்கணும்" என்றார். இனி அதே இனத்து மருந்தை அளவோடு கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம் என்று சொன்னார். "இது மட்டும் முதல் நாளே தெரிஞ்சிருந்தா..." என்று ஆரம்பித்தவர், இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுப் பாதியில் விட்டுவிட்டார்.

"முழிச்சுக்குவாங்களா டாக்டர்?" என்று கேட்டது பூனைதான்.

"எவ்வளவு நேரம் உள்ள ஓடியிருக்குன்னு தெரியல. நாளைக்கு மருந்தைக் குறைச்சுப் பார்க்கலாம். அதுக்கு முன்னாடி நான் எதுவும் சொல்லமாட்டேன்."

*

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெரியவன் வந்தான். வந்த வேகத்தில் அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போனான். ஐந்தே நிமிஷத்தில் திரும்பி வந்தான். முகம் சிவந்திருந்தது.

"என்ன பண்ணினீங்க அம்மாவை? நேத்து நல்லா பேசிட்டிருந்தாங்க! இப்ப தலை முழுக்க ஒயரைச் சுத்தி வச்சிருக்காங்க. எத்தனை தடவை கேட்டாலும் விரல் அசையல. யாரோ ஊசி போட்டு வாயை அடைச்சுட்டாங்க. யாரு சொல்லி இதைச் செஞ்சாங்க? இவளா?"

பூனை எழுந்து நின்றாள். நழுவவில்லை.

"நான் சொல்லித்தான் செஞ்சாங்க" என்றாள் கடிகாரக்காரி. "உட்காரு அண்ணா."

"உட்கார வரல. இவ பெட்டியைக் கட்டிட்டாளான்னு கேட்க வந்தேன்."

"அது பேச்சு இல்ல அண்ணா, வலிப்பு. நான் அம்மா பிள்ளையே இல்லதானேன்னு கேட்டேன், அதுக்கும் ஆமான்னு ஆடுச்சு. உன்னைப் பத்திக் கேட்டிருந்தா அதுக்கும் ஆடியிருக்கும். நீ நேத்து சாயங்காலம் பதில் வாங்கிட்டிருந்த நேரத்துல அம்மாவோட மூளை வெந்துட்டிருந்திருக்கு. நாம யாருமே நர்ஸைக் கூப்பிடல."

ஆனாலும் அவன் விடவில்லை. "வலிப்பு எப்படி வரும்? நம்ம வம்சத்துலயே கிடையாது. இவ ஏதாவது..."

"இவ ஒண்ணும் பண்ணல. தப்பு பண்ணினது நான்." சொல்லும்போது குரல் உடைந்தது. இருந்தாலும் சொன்னாள். "அம்மா மூணு வருஷமா நமக்குத் தெரியாம தூக்க மாத்திரை போட்டுட்டிருந்திருக்காங்க. அது திடீர்னு நின்னுபோனதுனால வந்த வலிப்பு இது. ஒரு மாத்திரையும் கிடையாதுன்னு டாக்டர்கிட்ட அடிச்சுச் சொன்னவ நான்தான்."

மாணவன் யாரோ லாரிக்கு நேரே வண்டியை விட்டுவிட்டதுபோல், பெரியவனின் வலது கால் வெறும் தரையில் பிரேக்கைத் தேடி ஓங்கி மிதித்தது. முகத்திலிருந்த சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அப்புறம் தங்கையைப் பார்க்காமல், தம்பி மனைவியைப் பார்த்துக் கேட்டான்.

"அது... அது அம்மாவோட மாத்திரையா?"

கடிகாரக்காரிக்குக் காதில் விழுந்தது அந்த 'அது' மட்டும்தான், கையில் எடுத்துப் பார்த்தவன் சொல்கிற 'அது'. காணாமல்போன பவுடர் டப்பாவைப் பற்றி அண்ணனிடம் யாரும் இன்னும் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

ஐந்து வருஷமாக உரத்த குரலில் பேசியறியாத பூனை, வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கேட்டாள்.

"எது மாமா?"